ஒரு மணி நேரக் கட்டுரைக்கு 21 நாள் தயாரிப்பு: ஏற்காட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் வீடு. மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் ஆங்கிலத்துக்காக வீட்டுக்கு வருவது வழக்கம். இங்கே எழுதுவது இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு மாணவியைப் பற்றி. அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நாகலூர் போகும் வழியில் ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீடு அவர்களுடையது. அம்மா தோட்டத்தில் வேலை செய்கிறார், பள்ளிக்கூடம் போனதில்லை. மாணவி அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள், அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். ஆங்கிலத்தில் 100க்கு 88 வாங்கியிருந்தாள். சேலத்தில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வணிகவியலுக்கு இடம் கிடைத்தது, அரசு மாணவியர் விடுதியில் தங்க ஏற்பாடும் ஆகிவிட்டது.

நம் ஊர்க் கலை அறிவியல் கல்லூரிகளில் பட்டப்படிப்பு என்றால் பகுதி 1 தமிழ் அல்லது வேறொரு மொழி, பகுதி 2 ஆங்கிலம், அப்புறம்தான் முதன்மைப் பாடம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பகுதி 2 ஆங்கிலத்தை எந்த அளவில் யாருக்கு நடத்துவது என்பதை அவர்களே வகுத்துக்கொள்ள வழியுண்டு. இந்தக் கல்லூரியில் வகுப்பு தொடங்கியதும் ஒரு கட்டுரைத் தேர்வு வைத்து மாணவர்களை ஏ பிரிவு, பி பிரிவு என்று பிரிப்பார்கள். 60 நிமிடம், இரண்டு தலைப்பில் ஒன்று, 250 முதல் 300 சொல், அகராதி கூடாது, 20 மதிப்பெண். 10 வந்தால் ஏ பிரிவு. சேர்க்கையின்போது கொடுத்த தாளில் இவ்வளவும் அச்சாகியிருந்தது. தேர்வுக்கு 21 நாள் இருந்தது.

முதல் நாள் கூடவே வந்த அம்மா கேட்டார்: "எம்புள்ள 88 மார்க்கு வாங்கிருச்சுல்லங்க, அப்புறம் எதுக்குங்க இன்னொரு பரீட்சை?"

நியாயமான கேள்விதான். அதற்கான பதில் மறுநாள் கிடைத்தது.

முதல் தாள்

எந்தப் பயிற்சியும் தராமல் ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். தலைப்பு: இளைஞர்களுக்கு நகர வாழ்க்கை நல்லதா, கிராம வாழ்க்கை நல்லதா? வாசலில் உட்கார்ந்து தலை நிமிராமல் எழுதினாள். ஒரே மூச்சில் இரண்டு பக்கம். வாங்கிப் படித்தேன். "மேன் இஸ் எ சோஷியல் அனிமல்" என்று தொடங்கி, சுற்றுச்சூழல் மாசு, மரம் நடுதல், பிளாஸ்டிக் ஒழிப்பு என்று போய் ஒரு பொன்மொழியோடு முடிந்திருந்தது. பிழை மிகக் குறைவு. ஆனால் நகரம், கிராமம் என்ற இரண்டு சொல்லும் எங்குமே இல்லை.

"இது கேட்ட கேள்விக்குப் பதிலா?" என்றேன்.

"இல்லைங்க மிஸ். இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச கட்டுரைங்க."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் நானும் இப்படித்தான் பிள்ளைகளைத் தேற்றியிருக்கிறேன். எது வரும், எது வராது என்று பார்த்து, வருவதை மனப்பாடம் செய்ய வைத்து, தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்றினேன். அந்தப் 88 பொய்யான மதிப்பெண் இல்லை. அவளுக்கு நல்ல நினைவாற்றல் உண்டு, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், மூன்று மணி நேரம் சலிக்காமல் உட்கார முடியும். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் தன் மனதில் பட்டதை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லும்படி அவளிடம் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் அதே தலைப்பைக் கொடுத்தேன். பாடம் செய்த வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றேன். 40 நிமிடத்தில் ஆறு வரி வந்தது. ஆறும் பிழை. ஆனால் ஆறும் அவளுடையவை. அந்தத் தாளைத்தான் எங்கள் உண்மையான தொடக்கமாக வைத்துக்கொண்டேன்.

பிழைகள் எங்கிருந்து வந்தன

அடுத்த இரண்டு நாள் புதிதாக எதுவும் நடத்தாமல், அவளைச் சின்னச் சின்னதாக எழுதவைத்துப் பிழைகளை மட்டும் கவனித்தேன். பெரும்பாலானவை அறியாமையால் வந்தவை அல்ல. தமிழில் சரியாக இருப்பதை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதால் வந்தவை.

"பத்து மூட்டை" என்று நாம் சொல்கிறோம், "பத்து மூட்டைகள்" என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. அதனால் "டென் பேக்" என்று எழுதினாள். "நேற்று சேலம் போனேன்" என்றால் யார் போனது என்பதை வினைச்சொல்லே சொல்லிவிடும். அதனால் ஆங்கிலத்தில் எழுவாயைப் பல இடத்தில் காணவில்லை. 'எ', 'தி' இரண்டும் தமிழில் இல்லாத சங்கதி, அவை கண்ட இடத்தில் இருந்தன, வேண்டிய இடத்தில் இல்லை.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் வாக்கிய நீளம். ஒரு மழைநாளைப் பற்றி அவள் என்னிடம் இப்படிச் சொன்னாள்: "மழை பேஞ்சு மரம் விழுந்து ரோடு அடைச்சு பஸ் வராம நடந்தே போனோம்." எவ்வளவு அழகான வாக்கியம்! ஐந்து நிகழ்ச்சி, ஐந்துக்கும் வேறு வேறு எழுவாய், கடைசியில் ஒரே ஒரு வினைமுற்று. வினையெச்சம் மற்றதையெல்லாம் கோத்துக்கொண்டு போகிறது. ஆங்கிலத்தில் அந்த நூல் கிடையாது. அவள் நான்கு 'அண்ட்' போட்டுக் கோத்துப் பார்த்தாள். பாதி வினைக்குக் காலம் இல்லாமல் போயிற்று, படிப்பவருக்கு மூச்சு வாங்கியது.

இதைப் பிழை என்று சிவப்பு மையில் சுழிக்காமல், அவள் சொன்ன தமிழ் வாக்கியத்தையே பலகையில் எழுதி, எங்கெங்கே வெட்டலாம் என்று அவளையே கேட்டேன். மழையும் மரமும் ஒன்று, ரோடும் பஸ்ஸும் ஒன்று, நடந்தது தனி என்று வெட்டினாள். மூன்று வாக்கியம். மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதியபோது ஒரே ஒரு பிழைதான் இருந்தது. அந்த நாளிலிருந்து "வெட்டட்டுங்களா மிஸ்?" என்பது எங்களுக்குள் புழங்கும் பேச்சாயிற்று.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, மாதிரிக் கட்டுரை ஒன்றுகூடத் தருவதில்லை என்பது. கொடுத்தால் அதையும் பாடம் செய்துவிடுவாள். வேறு ஊர்களில் இப்படிப்பட்ட தேர்வுகளை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். கலிபோர்னியா பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் நடத்திய எழுத்துத் தேர்வில், படிக்க ஒரு பகுதியைக் கொடுத்து அதையொட்டிக் கட்டுரை எழுத 2 மணி நேரம் தந்தார்கள். ஒவ்வொரு தாளையும் இருவர் தனித்தனியே படித்து 1 முதல் 6 வரை மதிப்பெண் இடுவார்கள், இரண்டும் சேர்ந்து 8 வந்தால் தேர்ச்சி. ஒவ்வொரு பிழைக்கும் கால் மதிப்பெண், அரை மதிப்பெண் என்று கழிக்கிற வழக்கம் அதில் இல்லை. முழுத்தாளையும் ஒருமுறை படித்து, இவர் கேள்வியைப் புரிந்துகொண்டாரா, ஒரு கருத்தைச் சொல்லி அதைத் தாங்கிப் பிடித்தாரா, சொன்னது விளங்குகிறதா என்று மொத்தமாகப் பார்ப்பார்கள். இதைக் கேட்டதும் அவளுக்கு முகம் தெளிந்தது. பிழையே இல்லாமல் எழுதினால்தான் உண்டு என்று அதுவரை நினைத்திருந்தாள்.

இரண்டாவது, கேள்வியைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டாமல் பேனாவைத் தொடக் கூடாது. "அவங்க என்ன கேக்கறாங்கன்னா..." என்று தொடங்கி ஒரு வரி. பிறகு "நான் என்ன சொல்லப் போறேன்னா..." என்று இன்னொரு வரி. ஆங்கிலத்திலேயே சிந்தி என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறவர்கள் நிறைய உண்டு. 21 நாளில் அது நடக்காது. தமிழில் தெளிவாக யோசிக்கத் தெரிந்த பிள்ளையிடமிருந்து அந்தத் தெளிவையும் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு எழுத உட்கார வைப்பது கொடுமை என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, எடுத்துக்காட்டு எல்லாம் அவள் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் இதற்கு அவள் தயங்கினாள். தோட்ட வேலையையும் லைன் வீட்டையும் கல்லூரித் தேர்வில் எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம், நீ எழுதினால்தான் அது அவர்களுக்குத் தெரியும் என்றேன். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றுவதைப் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டு வந்தாள். மாசு பற்றிய கட்டுரையில் இல்லாத உயிர் அதில் இருந்தது.

நான்காவது முடிவுதான் பிசகியது.

ரஃப் காப்பி

பிழைகளைப் பார்த்து எனக்கு ஒரு பயம் வந்திருந்தது. அதனால் முதலில் கட்டுரை முழுவதையும் கடைசித் தாளில் ரஃப் ஆக எழுது, பிழை திருத்து, பிறகு முன்பக்கத்தில் நல்ல பிரதி எடு, முடிந்ததும் ரஃப்பைக் குறுக்குக்கோடு போட்டு அடித்துவிடு என்று பழக்கினேன். பள்ளியில் கட்டுரைப் போட்டிக்கு அப்படித்தான் பழக்குவேன்.

9ஆம் நாள், 13ஆம் நாள், 17ஆம் நாள் என்று மூன்று முழுப் பயிற்சி வைத்தோம். 75 நிமிடம், 72, 70 என்று ஆனது. மூன்றும் 60ஐத் தாண்டியவை. குறைந்துகொண்டுதானே வருகிறது, தேர்வு அறையில் பதற்றத்தில் கை தானாக வேகம் பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது பயிற்சியில் கட்டுரை மிக நன்றாக வந்திருந்தது. அதில் மனம் லயித்துப்போய்க் கடிகாரத்தை இரண்டாம் பட்சமாக விட்டுவிட்டேன்.

பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சொந்தமாக எழுதும்போது அவளுக்கு நிமிடத்துக்குச் சுமார் 8 சொல் வரும். பார்த்து எழுதும்போது 11. 300 சொல்லை யோசித்து எழுத 37 நிமிடம், நகல் எடுக்க 27. கேள்வியைப் படிக்கக்கூட நேரம் வைக்காமலே 64 நிமிடம் ஆகிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. தேர்வுக்கு முன்னாலேயே இதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

தேர்வு நாள்

முந்தின நாளே விடுதிக்குப் போய்விட்டாள். மலையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கிப் போய் எழுதுவது வேண்டாம் என்று நானும் அம்மாவும் சேர்ந்து முடிவு செய்தோம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித் தலை சுற்றலோடு தேர்வு எழுத முடியாது. இந்த முடிவு சரியாகவே அமைந்தது. நன்றாகத் தூங்கி எழுந்து போனாள்.

தலைப்பு: மனிதர் அதிகம் கற்பது புத்தகத்திலிருந்தா, வேலையிலிருந்தா? வேலையிலிருந்து என்று எடுத்துக்கொண்டாள். அம்மா அவளுக்குக் காப்பி பறிக்கக் கற்றுக்கொடுத்த நாளை எழுதினாள். முதல் பறிப்பில் சிவந்த பழத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும். கொத்தோடு உருவக் கூடாது. பழத்தை விரலால் பிடித்து லேசாகத் திருகினால் காம்பு கிளையிலேயே நிற்கும். பிடித்து இழுத்தால் கணு பிய்ந்துவரும், அடுத்த வருடம் அந்த இடத்தில் பூ வராது. இன்று கூடையை நிரப்பும் அவசரத்தில் அடுத்த வருடத்து விளைச்சலை அழித்துவிடாதே என்று அம்மா சொன்னதை இதைவிட எளிய ஆங்கிலத்தில் யாராலும் எழுத முடியாது.

ஆனால் இவ்வளவும் முழுமையாக இருந்தது ரஃப் காப்பியில். அதை முடித்து நிமிர்ந்தபோது 40 நிமிடம் ஆகியிருந்தது. நகல் எடுக்க 20 நிமிடம் மிச்சம். மூன்றாம் பத்தி பாதியில் மணி அடித்தது. தாளை வாங்க வருவதற்குள், நான் சொல்லிக்கொடுத்தபடி, ரஃப் காப்பி மேல் குறுக்குக்கோடு இழுத்துவிட்டாள்.

நல்ல பிரதியின் கடைசி வரி: "மை மதர் நெவர் வென்ட் டு ஸ்கூல் பட் ஷி".

முடிவு

20க்கு 9. பி பிரிவு.

அன்று சாயங்காலம் போனில் அழுதாள். "88 வாங்கினவங்க பி பிரிவான்னு விடுதியில எல்லாரும் கேக்கறாங்க மிஸ்." அம்மாவோ கல்லூரியே தன் மகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டார். அது தேர்ச்சி, தோல்வி சம்பந்தப்பட்டதே இல்லை, எங்கிருந்து நடத்தத் தொடங்குவது என்று ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வைத்த தேர்வு என்று விளக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது. இதை முதல் நாளே இரண்டு பேரிடமும் சொல்லியிருக்க வேண்டும். நானும் "எப்படியாவது ஏ பிரிவு" என்ற பேச்சையே 21 நாளும் பேசியிருந்தேன்.

அடுத்த வாரம் அவளை அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய் ஆங்கிலத் துறை ஆசிரியரைப் பார்த்தேன். மதிப்பெண்ணைக் கூட்டித்தரக் கேட்கவில்லை, தாளைப் பார்க்க மட்டும் கேட்டோம். அவர் மறுக்காமல் எடுத்துக் காட்டினார். அடித்த பகுதியைப் படிப்பதில்லை என்பது அங்கே பொது விதி, எல்லோருக்கும் அப்படித்தான். முடியாத கட்டுரை என்பதால் தாளைத் திருத்திய இருவருமே மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார்கள். கேள்வியை விட்டு விலகாமல் எழுதியவர்களில் இவள் ஒருத்தி என்றும் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, "பட் ஷி... அதுக்கப்புறம் என்னம்மா?" என்று கேட்டார். மீதியை அவள் ஆங்கிலத்திலேயே சொன்னாள், திக்கித் திக்கி. அவர் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார்.

முதல் பருவம் முடியும்போது பி பிரிவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கட்டுரை வைத்து, 12க்கு மேல் வாங்கினால் ஏ பிரிவுக்கு மாற்றுவார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார்.

பி பிரிவில் நான்கு மாதம்

இங்கே என் கணிப்பும் பொய்த்தது. பி பிரிவு என்றால் பள்ளி இலக்கணத்தையே திரும்ப நடத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். வாரம் ஒரு பத்தி எழுதவைத்து, அதை வகுப்பிலேயே திருத்தித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். 'எ', 'தி' இரண்டையும் நான் மூன்று வாரத்தில் கொண்டுவர முடியாத அளவுக்கு அவர்கள் நான்கு மாதத்தில் கொண்டுவந்தார்கள். நேராக ஏ பிரிவுக்குப் போயிருந்தால் இந்தப் பயிற்சி அவளுக்குக் கிடைத்திருக்காது.

என் பங்குக்கு இரண்டாவது சனிக்கிழமை ஊருக்கு வரும்போது ஒரு கட்டுரை. ரஃப் காப்பியை அடியோடு விட்டோம். 5 நிமிடம் யோசனை, நான்கு குறிப்பு, நேராக நல்ல தாளில் எழுத்து, கடைசி 10 நிமிடம் படித்துத் திருத்தம். பிழையைச் சுத்தமாக ஒரு கோடு போட்டு அடித்து மேலே எழுதினால் யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்று நம்பவைக்கத்தான் நாள் பிடித்தது. அடித்தல் திருத்தல் இல்லாத தாள்தான் நல்ல தாள் என்று பள்ளியில் அவளுக்கு ஊட்டியிருந்தோம்.

இரண்டாவது தேர்வின் தலைப்பு, சுற்றுலா ஓர் ஊருக்கு நன்மையா என்பது. கேள்வித்தாளின் ஓரத்தில் தமிழில் நான்கே குறிப்பு எழுதிவைத்திருந்தாள்: "அத்தை கடை. சனி ஞாயிறு ட்ராஃபிக். ஏரி குப்பை. நடுவுல நிக்கிறேன்." ஏரிக்கரையில் மிளகும் பலாச்சுளையும் விற்கும் அத்தையின் வருமானம், வார இறுதியில் மலைப்பாதையில் சிக்கிக்கொள்ளும் ஆம்புலன்ஸ் என்று இரண்டு பக்கமும் எழுதி, எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்று முடித்திருந்தாள். சுமார் 270 சொல். ஏழெட்டு இடத்தில் அடித்தல். 13 மதிப்பெண். இரண்டாம் பருவத்திலிருந்து ஏ பிரிவு.

இனி மாற்றிச் செய்வது

முதல் நாளே, எதையும் நடத்துவதற்கு முன், கையின் வேகத்தை அளந்துவிடுகிறேன். சொந்தமாக எழுதுவதை 10 நிமிடம், பார்த்து எழுதுவதை 10 நிமிடம். எத்தனை சொல் என்று எண்ணி அவர்கள் நோட்டிலேயே குறிக்கச் சொல்கிறேன். பயிற்சிக் கட்டுரை நேரத்தைத் தாண்டினால் அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடத்தில் கோடு போட்டு, கோட்டுக்கு மேலே இருப்பதை மட்டும் மதிப்பிடுகிறேன். பிள்ளைகளுக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. எனக்கும்தான்.

கல்லூரி தரும் தாளில் இல்லாத விதிகளையும் முன்கூட்டியே கேட்டு வரச் சொல்கிறேன். அடித்த பகுதியைப் படிப்பார்களா, முடியாத கட்டுரையை எப்படிப் பார்ப்பார்கள், பிரிவு மாற வழி உண்டா என்ற மூன்று கேள்வி போதும். பெற்றோரையும் அன்றே கூப்பிட்டு, இந்தத் தேர்வு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

மாதிரிக் கட்டுரை இல்லை, கேள்வியைத் தமிழில் சொல்லு, கண்டதை எழுது என்ற மூன்றையும் மாற்றவில்லை.

இந்த ஜூனில் இரண்டு பேர் வருகிறார்கள். பையனுக்குச் சொந்த எழுத்தில் நிமிடத்துக்கு 9 சொல். பெண்ணுக்கு 5. அவள் எழுதப்போகும் கல்லூரியில் 200 சொல் போதும், 60 நிமிடம். அவளோடு 220 சொல்லுக்கு மேல் திட்டம் போடுவதில்லை.